மறதி நோய் உள்ள பெரியவருக்கு இல்லம் தேடுவது எப்படி? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு குடும்பத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இரண்டு கட்டு வீட்டில் எண்பது வயது ஆச்சியும் கூடமாட ஒரு வேலைக்காரம்மாவும் மட்டும். முதலில் ஆச்சி அடுப்பை அணைக்க மறந்தார். அப்புறம், இறந்து இருபது வருடம் ஆன அண்ணன் சாப்பிட வந்தாரா என்று கேட்டார். இப்போது ராத்திரி இரண்டு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறார். வேலைக்காரம்மா, "இனிமே என்னால முடியாதுங்க" என்று போன் செய்கிறார். அன்றைக்குத்தான் குடும்பம் இல்லம் தேட ஆரம்பிக்கிறது. நிதானமாகச் செய்ய வேண்டிய வேலையை ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டியதாகிவிடுகிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஒரு தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. பிள்ளைகள் வெளியூரிலும் பெரியவர்கள் ஊரிலுமாக வாழும் நம் பகுதியில் இது வீட்டுக்கு வீடு பேச வேண்டிய விஷயம். ஆனால், "வயசானா மறக்கத்தான் செய்யும்" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வீட்டை முகப்பை வைத்து எடை போடுவோம். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தரை எல்லாம் பார்த்துப் பழகிய கண் நமக்கு. இல்லம் பார்க்கப் போனாலும் அதே கண்தான் வேலை செய்கிறது. வரவேற்பறை, தோட்டம், சாமி அறை, சுவரில் மாட்டிய சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று முன்பணம் கட்டிவிடுகிறோம். மறதி நோய்க்கான இல்லத்தை அப்படிப் பார்க்கக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கும் ராத்திரி இரண்டு மணிக்கும் அங்கே என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் மருத்துவர்

நோய் என்னவென்று உறுதிப்படுத்தாமல் இல்லம் தேட வேண்டாம். மறதி போலத் தெரிவதெல்லாம் டிமென்ஷியா இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவது, மன அழுத்த நோய், சில தூக்க மாத்திரைகள், சில அலர்ஜி மாத்திரைகள் ஆகியவையும் புத்தியைத் தடுமாற வைக்கும். கீழே விழுந்து சில வாரம் கழித்துத் தடுமாற்றம் தொடங்கினால், மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கசிந்து உறைந்திருக்கலாம். ஸ்கேனில் அது தெரிந்துவிடும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

நேற்றுவரை ஓரளவு சரியாக இருந்தவர் இரண்டே நாளில் ஆளே மாறிப்போய், யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார் என்றால் அது பெரும்பாலும் டிமென்ஷியா முற்றியதால் அல்ல. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, கடும் மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது போன்றவை வயதானவர்களை இப்படி ஆக்கும். அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. அந்த நேரத்தில் இல்லம் பற்றிப் பேசுவதே தவறு. முதலில் ஆஸ்பத்திரி, ஆள் தேறிய பிறகு மற்றது. காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். காது கேட்காதவர் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அதையும் மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், முதியோர் நல மருத்துவர் ஆகிய மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் தொடங்கலாம். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் பிள்ளைகள் இருந்தால், கிண்டியில் முதியோருக்கென்றே 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டியவை: எந்த வகை டிமென்ஷியா, இப்போது எந்த நிலை, என்னென்ன மருந்து. வகை ஏன் முக்கியம் என்றால், அல்சைமர் ஒரு மாதிரி போகும். பக்கவாதத்தைத் தொடர்ந்து வரும் வகை படிப்படியாக இறங்கும். லூயி பாடி எனப்படும் வகையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். இந்தக் கடைசி வகைக்காரர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் கடுமையான பின்விளைவை உண்டாக்கும். இல்லத்தில் ஒரு ராத்திரி சத்தம் போட்டார் என்று யாரோ ஊசி போட்டுவிடாமல் இருக்க, இது கோப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே முடியுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்

சில வீடுகளில் முடியும். பகலில் ஒருவர், ராத்திரிக்கு ஒருவர், வாரத்தில் ஒரு நாள் மாற்று ஆள் என்று மூன்று பேர் கிடைத்து, அவர்களை மேற்பார்க்கக் குடும்பத்தில் ஒருவர் ஊரிலேயே இருந்தால் நடுத்தர நிலைவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். நடக்க முடியாதவர்களுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும், வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

ஆனால் செட்டிநாட்டு வீடு இந்த நோய்க்கு ஒத்துவராத வீடு. பெருமையாகத்தான் கட்டினார்கள், சந்தேகமில்லை. தாண்டித் தாண்டிப் போக வேண்டிய நிலைப்படிகள், முகப்புக்கும் வளவுக்கும் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) இடையே ஏற்ற இறக்கம், மழை பெய்தால் நனையும் முற்றம், பின்கட்டில் கிணறு, வெகு தூரத்தில் கழிப்பறை. முன் தெருவில் ஒரு வாசல், பின் தெருவில் ஒரு வாசல்; எதைப் பூட்டுவது? பூப்போட்ட ஆத்தங்குடித் தரையும் ஒரு சிக்கல். டிமென்ஷியாவில் கண் பார்ப்பதை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாது. தரையில் உள்ள கருப்புக் கட்டம் பள்ளமாகத் தெரியும். பளபளப்பு தண்ணீராகத் தெரியும். ஆச்சி அந்த இடத்தில் நின்று காலைத் தூக்கித் தூக்கி வைப்பது பிடிவாதம் இல்லை.

எப்போது இல்லம்தான் சரி? ராத்திரியில் வெளியே போவது நிற்கவில்லை என்றால், பார்த்துக்கொள்பவரின் உடம்பு கெட ஆரம்பித்துவிட்டால், அடிக்கடி விழுந்தால், தூக்கி உட்கார வைக்க இரண்டு ஆள் தேவைப்பட்டு ஒருவர்தான் இருந்தால், வேலைக்காரர்கள் கோபத்தில் கை வைக்கிறார்களோ என்ற சந்தேகம் வந்தால். இதில் ஏதாவது ஒன்று நடந்தாலும் தேட ஆரம்பித்துவிடலாம். "ஊர் என்ன சொல்லும்" என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கதவைப் பூட்டப் போவதில்லை.

குடும்பத்துக்குள் பேசி முடிக்க வேண்டியவை

அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒரு வீடியோ காலில் உட்காருங்கள். இரண்டு விஷயம் முடிவாக வேண்டும். இல்லத்தாரோடு பேசும் ஒரே ஆள் யார்? மாதப் பணம் யார் யார் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு? மூன்று பிள்ளைகளும் தனித்தனியாக இல்லத்துக்குப் போன் போட்டு மூன்று விதமாகச் சொன்னால், அங்கே இருக்கும் நர்ஸ் யார் சொல்லையும் கேட்கமாட்டார். பணக் கணக்கை ஒரு வருடத்துக்குப் போடாதீர்கள். டிமென்ஷியா வந்தவர்கள் பல வருடம் இருப்பார்கள். பத்து வருடம் தாண்டியவர்களும் உண்டு. செலவு ஏறுமே தவிர இறங்காது.

நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் அந்தப் பெரியவரிடமும் பேச வேண்டும். "எங்களால் முடியாமல் போனால் எந்த ஊர்ப் பக்கம் இருக்க ஆசைப்படுகிறீர்கள்" என்று ஐயாவிடம் நேரடியாகக் கேட்டால் அவர் பதில் சொல்வார்.

சட்டக் காகிதங்களுக்கும் அதே அவசரம் உண்டு. நிறையப் பேர் பவர் பத்திரம் வாங்கிவைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, பவர் கொடுத்தவர் சித்தம் தெளிவில்லாத நிலைக்குப் போய்விட்டால் அந்தப் பவர் முடிந்துபோகும். எதற்காக வாங்கினோமோ அந்த நேரத்தில் அது உதவாது. அதன்பின் சொத்து, வங்கி விவகாரங்களுக்கு நீதிமன்றம் மூலம் பாதுகாவலர் நியமனம் வாங்க வேண்டிவரும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் கீழ் வருகின்றன. அலைச்சலும் செலவும் உண்டு. ஆகவே, பெரியவர் தெளிவாக இருக்கும்போதே உயில், வங்கிக் கணக்கில் கூட்டுப் பெயர், நாமினி எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். உயில் எழுதும் நாளிலேயே மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கிவையுங்கள். பூர்வீக வீட்டில் பத்துப் பதினைந்து பங்கு உள்ள குடும்பங்களில் இந்தச் சான்று இல்லாமல் பின்னால் வழக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தன் சார்பில் முடிவெடுக்க ஒரு நபரை வெறும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். சிகிச்சை விஷயத்தில் யார் சொல் எடுபடும் என்ற சண்டையை இது குறைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும்.

எந்த ஊரில் தேடுவது

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பொதுவான முதியோர் இல்லங்கள் கிடைக்கும். மறதி நோய்க்கென்றே ஆள் பழக்கி நடத்தும் இல்லங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்னை என்றால் ஒரு ராத்திரிப் பயணம்.

என் கருத்து: வீட்டுக்குப் பக்கமா என்று பார்க்காதீர்கள், அடிக்கடி வரப்போகிறவருக்குப் பக்கமா என்று பாருங்கள். மகள் தாம்பரத்தில் இருந்து வாரம் ஒரு தடவை வரமுடியும் என்றால், ஊரை விட்டு வந்தாலும் சென்னை நல்லது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு என்றால், அவசரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சொந்தம் யார், சித்தப்பா மகனா, அயித்தானா என்று முடிவு செய்து, அவர் ஊருக்கு அருகில் பாருங்கள். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடவும் வேண்டும். "அவன் பார்த்துக்குவான்" என்று நாமாக முடிவுகட்டக் கூடாது.

பெங்களூரு, மும்பை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் மொழியை யோசியுங்கள். நோய் முற்ற முற்றப் பின்னால் கற்ற மொழிகள் முதலில் போகும், சின்ன வயதில் பேசியது கடைசிவரை நிற்கும். நாற்பது வருடம் இங்கிலீஷில் வேலை பார்த்தவரும் கடைசியில் தமிழில்தான் தண்ணீர் கேட்பார். அவர் பேசுவது புரியாத ஆட்களிடம் விட்டால், அவர் சும்மா கத்துவதாகத்தான் எழுதிவைப்பார்கள். மலேயாவிலோ பர்மாவிலோ சிறு வயதைக் கழித்த பெரியவர்கள் திடீரென்று அந்த ஊர் வார்த்தைகளை எடுத்துவிடுவதும் உண்டு. அதை இல்லத்தாரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

போனில் கேட்டு வடிகட்டுங்கள்

விளம்பரத்தில் எல்லா இல்லமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பொது முதியோர் இல்லம் என்றால் தானாக நடந்து, தானாகச் சாப்பிடுகிறவர்களுக்கு. மறதி நோய் இல்லம் என்றால் கதவுகளுக்குக் கட்டுப்பாடு, பழக்கப்பட்ட ஆட்கள், நாள் முழுக்க ஏதாவது வேலை என்று இருக்க வேண்டும். படுக்கையில் விழுந்தவர்களுக்கான நர்சிங் இல்லம் வேறு. மூன்றுக்கும் ஒரே பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர்களும் உண்டு.

முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "எந்த நிலை வந்தால் எங்கள் ஆளைத் திருப்பி அனுப்புவீர்கள்?" படுக்கையில் சிறுநீர் போனால், கை ஓங்கினால், மூக்கு வழியாகக் குழாய் போட்டால் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அதைச் சேர்க்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இந்த நோயில் இவை எல்லாம் ஒருநாள் வரக்கூடியவை. இரண்டு வருடம் கழித்து எப்படி இருப்பார் என்று யோசித்து அந்த ஆளுக்கு இடம் பாருங்கள். அப்புறம், ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள், நர்ஸ் விழித்திருப்பாரா அல்லது கூப்பிட்டால் வருவாரா, மருத்துவர் வாரத்தில் எந்த நாள் வருகிறார், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். பதிலில் எண் வராமல் "நாங்க குடும்பம் மாதிரி பாத்துக்குவோம்" என்று மட்டும் வந்தால் அடுத்த இடத்துக்குப் போன் போடுங்கள்.

நேரில் இரண்டு தடவை, இரண்டாவது தடவை சொல்லாமல்

முதல் தடவை சொல்லிவிட்டுப் பகல் பதினொரு மணிக்குப் போங்கள். சுற்றிக் காட்டுவார்கள், காபி தருவார்கள், எல்லாம் அழகாக இருக்கும். இரண்டாவது தடவை சொல்லாமல் சாயங்காலம் ஐந்தரை ஆறுக்குப் போங்கள். "விசிட்டிங் நேரம் முடிந்தது" என்று வாசலிலேயே நிறுத்தினால் அதுவும் ஒரு தகவல்தான். ராத்திரித் தூக்கத்துக்காகக் கட்டுப்பாடு வைப்பது நியாயம். சாயங்காலத்தை மறைப்பது நியாயம் இல்லை.

பொழுது சாயும்போது டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடும். அலைவார்கள், அழுவார்கள், "பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பான், நான் போகணும்" என்று பையை எடுப்பார்கள். இல்லத்தில் ஆள் ஷிஃப்ட் மாறும் நேரமும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். அங்கேதான் ஒரு இல்லத்தின் தரம் தெரியும். ஒரு அம்மா அழுதுகொண்டு கதவுக்குப் போகிறார் என்றால் உதவியாளர் என்ன செய்கிறார்? "உங்க வீடு இதுதான், போய் உட்காருங்க" என்று அதட்டுகிறாரா? "வாங்க ஆச்சி, பையன் வர்றதுக்குள்ள ஒரு காபி குடிச்சிருவோம்" என்று கையைப் பிடித்துக் கூட நடக்கிறாரா? கீழ்த்தளத்தில் மார்பிள் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

பத்து நிமிடம் ஒரு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பேர் டிவி முன்னால் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒருவர் இருவர் தூங்குவது இயல்பு. எல்லோருமே மாலை ஆறு மணிக்கு அரைத்தூக்கத்தில் இருந்தால் மருந்து வேலை செய்கிறது. நாற்காலியோடு துண்டு வைத்துக் கட்டியிருக்கிறார்களா, மணிக்கட்டில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். "விழாம இருக்கத்தான் கட்டுறோம்" என்பார்கள். கட்டிப்போட்டால் கால் வலு குறைந்து, அவிழ்த்த அன்று விழுவதற்குத்தான் வழி.

மருந்து பற்றிக் கொஞ்சம் விரிவாகக் கேளுங்கள். டோனெபெசில், மெமாண்டின் போன்றவை நோய்க்கான மருந்துகள். குணப்படுத்தாது, சிலருக்குச் சில காலம் உதவும். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவை வேறு ரகம், மனக்குழப்ப நோய்க்கானவை. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவற்றைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது; முதல் இரண்டு போன்றவற்றுக்கு 2005-லேயே, ஹாலோபெரிடால் போன்றவற்றுக்கு 2008-இல். சில நேரம் இவை தேவைப்படலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். "குடும்பத்தைக் கேட்காமல் தூக்க மருந்தோ மன அமைதி மருந்தோ புதிதாகத் தொடங்குவீர்களா?" என்று கேளுங்கள். "இல்லை" என்ற பதிலோடு அதை ஒப்பந்தத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். கைப்பிடி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, உள்ளே தாழிட்டால் வெளியிலிருந்து திறக்க முடியுமா, கதவில் படம் ஒட்டியிருக்கிறார்களா? அந்த நேரத்து வாடை எந்த இடத்திலும் வரும். மெத்தையில் ஊறிப்போன பழைய மூத்திர வாடை வந்தால் வெளியே வந்துவிடுங்கள். கடும் பினாயில் வாடையையும் நான் நம்புவதில்லை. நடப்பதற்கு வெளியே ஒரு சுற்றுப்பாதையோ நீளத் தாழ்வாரமோ இருப்பது பெரிய விஷயம். நடக்கத் துடிக்கிறவரை நடக்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஊட்டுகிறவர் எதிரில் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு திணிக்கிறாரா? விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சாப்பாட்டைக் குழைத்துத் தருகிறார்களா, நிமிர்த்தி உட்கார வைக்கிறார்களா? படுக்க வைத்து ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் தொற்று வரும். பிற்பகுதி டிமென்ஷியாவில் உயிரைக் குடிக்கும் காரணங்களில் அது முக்கியமானது. நம் பக்கத்துச் சமையலில் குழைவானவைக்குப் பஞ்சமில்லை. ஆடிக்கூழ், கும்மாயம், பாலில் ஊறிய இடியாப்பம் எல்லாம் இறங்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுவையுங்கள். சைவமா அசைவமா என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள். கோழி ரசம் இல்லாமல் ஒரு வாரம் இருந்திராத ஐயாவைச் சுத்த சைவ இல்லத்தில் விட்டால் அவர் தட்டைத் தள்ளத்தான் செய்வார்.

இரண்டு பதிவேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று எடைப் பதிவேடு. மாதம் ஒரு தடவை எல்லோருக்கும் எடை பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று விழுந்த பதிவேடு. "எங்க இல்லத்துல யாருமே விழுந்ததில்லை" என்றால் எழுதுவதில்லை என்று அர்த்தம். படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்பதற்கும் ஒரு அட்டவணை கட்டில் பக்கத்தில் தொங்க வேண்டும்.

கடைசியாக, ஆட்கள். உதவியாளரிடம் தனியாக, "எத்தனை நாளா இங்க வேலை பார்க்கிறீங்க" என்று கேளுங்கள். எல்லோரும் இரண்டு மூன்று மாதத்து ஆட்கள் என்றால் அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. அங்கே இருப்பவர்களில் இருவரைக் காட்டி, "இவங்க முன்னாடி என்ன செஞ்சாங்க" என்று கேட்டுப் பாருங்கள். "இவர் டீச்சர்ங்க, நோட்டு கொடுத்தா திருத்திக்கிட்டே இருப்பார்" என்ற மாதிரி பதில் வந்தால், நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

பதிவு, ஒப்பந்தம், பணம்

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் முதியோர் இல்லமாகப் பதிவு செய்திருக்கிறார்களா, பதிவு நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். மனநலச் சட்டத்தில் மனநோய்க்கான விளக்கத்திலேயே நினைவாற்றல், இடம் காலம் உணரும் திறன் பாதிப்பும் வருகிறது. ஆகவே சிகிச்சையோடு தங்கவைக்கும் இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேட்கலாம். சுவரில் மாட்டியதைப் போட்டோ எடுத்து, அலுவலகத்தில் சரிபாருங்கள்.

மாதக் கட்டணம் என்று சொல்வது பாதிதான். டயபர், மருந்து, இயன்முறை சிகிச்சை, ஆஸ்பத்திரிக்குத் துணை ஆள், ஆம்புலன்ஸ், முடிவெட்டு, எல்லாம் தனி பில்லாக வரும். ஒரு நாளைக்கு மூன்று டயபர் என்றால் மாதத்துக்குத் தொண்ணூறு; பெரியவர்களுக்கான டயபர் விலையைப் பெருக்கிப் பாருங்கள். இப்போதே அங்கே இருக்கும் ஒரு குடும்பத்திடம் போன மாதம் மொத்தமாக எவ்வளவு கட்டினார்கள் என்று கேட்பதுதான் சரியான கணக்கு. முன்பணம் எப்போது திரும்பும், ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் கட்ட வேண்டுமா, கட்டணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், வெளியேற்றுவதென்றால் எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்பவை எழுத்தில் வேண்டும். சொத்தையோ பெரிய தொகையையோ நன்கொடையாக எழுதித் தரச் சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

சேர்க்கும்போது

முடிந்தால் முதலில் இரண்டு வாரம் தற்காலிகமாகத் தங்கவைத்துப் பாருங்கள். சாயங்காலம் கொண்டுபோய் விடாதீர்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் போங்கள். வீட்டுப் போர்வை, பழகிய தலையணை, பழைய போட்டோக்கள், தினமும் கும்பிடும் சாமி படம் போகட்டும். புதுத்துணி வாங்கிக் கொடுக்க வேண்டாம். போட்டுப் பழகிய புடவையும் வேட்டியும்தான் அவருக்குத் தன்னுடையதாகத் தெரியும்.

நகை விஷயத்தில் கறாராக இருங்கள். வைரத்தோடு, வளையல், சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி, போட்டோ எடுத்து, லாக்கரில் வையுங்கள். தாலியைக் கழற்ற மனசு வராது. தங்கத்துக்குப் பதில் மஞ்சள் கயிறு போட்டு அனுப்பும் குடும்பங்கள் உண்டு, அது நல்ல ஏற்பாடு. பின்னால் நகை காணோம் என்று ஒரு ஏழை உதவியாளர் மேல் பழி விழுவதையும் இது தடுக்கும்.

ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்: ஆச்சியா, அப்பத்தாவா, டீச்சரா, செட்டியாரா? எத்தனை மணிக்கு எழுவார், குளியல் காலையா மாலையா, வெந்நீரா? காபியா, சர்க்கரை எத்தனை? எதைக் கண்டால் பயம், எந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பார், எதைச் சொன்னால் அழுவார்? வட்டிக்கடைக் கணக்கு எழுதிய ஐயாவுக்குக் கோடு போட்ட நோட்டும் பேனாவும் கொடுத்தால் ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பார். கொட்டான் (ஓலைக்கூடை) பின்னிய ஆச்சிக்கு ஓலையும் கூடை அடியும் கொடுங்கள், கை மறந்திருக்காது. பெரிய கோப்பை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு தாள் கட்டில் பக்கத்தில் ஒட்டியிருந்தால் ராத்திரி ஆளும் படிப்பார்.

முதல் சில வாரம் "வீட்டுக்குப் போகணும்" என்பார். உங்கள் நெஞ்சு கனக்கும். ஆனால் இவர் சொந்த வீட்டில் இருந்தபோதும் இதையேதான் சொன்னார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்குக் கூட்டிப்போறேன்" என்று பொய் வாக்குக் கொடுக்காமல், அந்த வீட்டைப் பற்றிப் பேசுங்கள். "வளவுல எத்தனை தூண், யாரு யாரு எந்த அறையில இருந்தீங்க?" என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். கிளம்பும்போது நீண்ட விடைபெறல் வேண்டாம். சாப்பாட்டு நேரம் தொடங்கும்போது எழுந்துவருவது எளிது.

சேர்த்த பிறகு

ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு நேரத்தில் போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலை மட்டும் நம்பக் கூடாது. அதில் தலைசீவி உட்கார வைத்துத்தான் காட்டுவார்கள். உள்ளூர்ச் சொந்தம் ஒருவர் மாதம் ஒரு தடவையாவது நேரில் போய் எடை, நகம், குதிகால், இடுப்புப் பக்கத் தோல், வாய்ச் சுத்தம் இவ்வளவையும் பார்க்கட்டும். எடை தொடர்ந்து இறங்குவது, காரணம் சொல்லாத காயம், திடீர் அரைத்தூக்கம், ஆள் வந்தாலே ஒடுங்கிக்கொள்வது ஆகியவை வந்தால் உடனே கேளுங்கள். பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்தும் சரியாகவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் புகார் தரலாம். நல்ல இல்லத்தோடு சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போடாதீர்கள். ஒரு நாள் சட்டை மாறிப் போட்டுவிட்டார்கள் என்பது பெரிய குற்றம் இல்லை.

ஓய்வூதியம் வாங்குபவர் என்றால் உயிர்வாழ் சான்றுக்கு வங்கிக்குத் தூக்கிப்போக வேண்டாம். ஜீவன் பிரமாண் முறையில் செல்போனிலேயே முகத்தைக் காட்டி முடிக்கலாம்.

தைப்பொங்கலுக்கோ குலதெய்வக் கும்பிடுக்கோ ஊருக்குக் கூட்டிவர ஆசை வரும். ஆரம்ப நிலையில் கூட்டிவாருங்கள், நல்லது. நடுநிலை தாண்டியபின் பத்துப் பங்காளி வீட்டுக் கூட்டமும் மைக் சத்தமும் அவரைக் கலங்கடிக்கும். திரும்பிப்போய் ஒரு வாரம் தூங்கமாட்டார். அதற்குப் பதில் இரண்டு பேர் பிள்ளையார்பட்டிப் பிரசாதத்தோடு அங்கே போங்கள்.

கடைசி நிலையைப் பற்றி இப்போதே மருத்துவரோடு பேசி முடிவெடுத்து வையுங்கள். விழுங்குவது நின்றபின் மூக்குக் குழாய் போடுவதா? முற்றிய டிமென்ஷியாவில் அது ஆயுளைக் கூட்டுவதாகச் சான்று இல்லை. கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதையே முதியோர் நல மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. மூச்சுத் திணறினால் மதுரை ஐசியூவுக்கா, அங்கேயே வலி இல்லாமல் வைத்திருப்பதா? இரவில் இறந்தால் யாருக்கு முதல் போன், இறப்பை உறுதிசெய்யும் மருத்துவர் யார், ஊருக்குக் கொண்டுவர ஃப்ரீசர் வண்டி எங்கே கிடைக்கும், பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வரும்வரை காத்திருப்பதா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எண்களோடு, இல்லத்துக் கோப்பில் ஒன்றும் உள்ளூர்ச் சொந்தத்திடம் ஒன்றும் கொடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை அந்த எண்களுக்குப் போன் போட்டு, நடப்பில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.